ஆண்ட்ராய்டு 95, ஆண்ட்ராய்டு 42: இயங்குதளங்களின் சந்தைப் பங்கை ஒப்பிடுவது எப்படி?

ஆண்ட்ராய்டின் பங்கு சுமார் 95 சதவீதம். இல்லை, சுமார் 72 சதவீதம். அதுவும் இல்லை, 42 சதவீதம்தான். மூன்றும் சரி. முதலாவது இந்தியாவின் போன்கள், இரண்டாவது உலகத்தின் போன்கள், மூன்றாவது அமெரிக்காவின் போன்கள். மூன்றும் ஒரே தளத்திலிருந்து எடுத்தவை, ஒரே முறையில் எண்ணியவை. இவற்றில் ஒன்றை மட்டும் உருவி, "ஆண்ட்ராய்டுதான் ராஜா" என்றோ "ஐபோன்தான் முன்னணி" என்றோ யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். எழுதுகிறார்கள்.

நானும் அப்படி ஒரு எண்ணை நம்பிக் கெட்டவன். சின்னக் கடைகளுக்கான பில்லிங் செயலி ஒன்றை எழுதி விற்று வருகிறேன். உலகப் போன்களில் கால்வாசிக்கு மேல் ஐபோன் என்று படித்துவிட்டு, ஐஓஎஸ்ஸுக்கும் ஒரு பதிப்பு செய்ய நான்கு மாதம் உட்கார்ந்தேன். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம் வேறு. முடித்துப் பார்த்தால், என்னிடம் வாங்கிய இருநூற்றுச் சொச்சம் கடைக்காரர்களில் ஐபோன் வைத்திருந்தவர்கள் ஆறு பேர். எண்ணில் தப்பில்லை. அது யாரைப் பற்றிய எண் என்று நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பழகிக்கொண்ட முறை இது.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"எந்த இயங்குதளம் பெரியது?" என்பது கேள்வியே இல்லை. "தமிழ்நாட்டுக் கடைக்காரர்களுக்கு எந்தப் போனில் ஓடும் செயலி வேண்டும்?", "பள்ளி ஆய்வகத்துக்கு எந்தக் கணினியில் பயிற்சி கொடுப்பது?", "விண்டோஸ் 10-ஐ இன்னும் ஆதரிக்க வேண்டுமா?" இவைதான் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டிய எண் வேறு. காகிதத்தில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டால், நடுவில் கவர்ச்சியான வரைபடம் ஒன்று கண்ணில் பட்டாலும் வழி மாற மாட்டீர்கள்.

படி 2: எதை எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள்

குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

சந்தைப் பங்கு என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. முதலாவது, இந்தக் காலாண்டில் தயாரிப்பாளர்களிடமிருந்து கிளம்பிய கருவிகளின் கணக்கு. ஐடிசி, கவுண்டர்பாயின்ட் போன்ற ஆய்வு நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, மக்கள் கையில் இன்று உயிரோடு இருக்கும் கருவிகள். மூன்றாவது, அந்தக் கருவிகளை வைத்து எவ்வளவு இணையம் பார்க்கிறார்கள் என்பது. முதலில் சொன்ன மூன்று எண்களையும் நான் எடுத்த ஸ்டேட்கவுண்டர் என்ற தளம் காட்டுவது இந்த மூன்றாவதை.

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம், குழாயிலிருந்து விழும் தண்ணீருக்கும் குடத்தில் இருக்கும் தண்ணீருக்கும் உள்ளது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் ஆண்டுக்கு 80 ஆண்ட்ராய்டு போன்களும் 20 ஐபோன்களும் விற்கின்றன என்று வையுங்கள். ஆண்ட்ராய்டு மூன்று ஆண்டு உழைக்கிறது. ஐபோன் கைமாறிக் கைமாறி ஐந்து ஆண்டு ஓடுகிறது. அப்படியானால் ஊரில் புழங்குவது 240 ஆண்ட்ராய்டு, 100 ஐபோன். விற்பனையில் 20 சதவீதமாக இருந்த ஐபோன், புழக்கத்தில் 29 சதவீதத்தைத் தாண்டிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் குழாயை அளந்தார், இன்னொருவர் குடத்தை.

இன்னொன்று: ஆப்பிள் 2018-இன் இறுதியிலேயே எத்தனை ஐபோன் விற்றோம் என்று சொல்வதை நிறுத்திவிட்டது. பணக்கணக்கு மட்டும்தான் வெளியிடுகிறது. ஆகவே அதற்குப் பின் நீங்கள் படிக்கும் ஐபோன் எண்ணிக்கைகள் எல்லாம் ஆய்வு நிறுவனங்களின் மதிப்பீடுகள்.

புழக்கத்தில் இருக்கும் கருவிகளின் எண்ணிக்கையை நிறுவனங்களே அவ்வப்போது அறிவிக்கின்றன. இயங்கும் ஆண்ட்ராய்டு கருவிகள் 300 கோடியைத் தாண்டிவிட்டதாக கூகுள் 2021 மே மாதம் சொன்னது. ஆப்பிள் 2025-இன் தொடக்கத்தில் 235 கோடி என்றது. அதில் ஐபோன் மட்டுமல்ல, ஐபேட், மேக், கைக்கடிகாரம் எல்லாம் சேர்த்தி. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சதவீதம் போடுகிறவர்கள் மாங்காயையும் தேங்காயையும் சேர்த்து எண்ணுகிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் கதை இன்னும் வேடிக்கை. 2025 ஜூனில் வந்த அதன் பதிவொன்றில், விண்டோஸ் "100 கோடிக்கும் மேற்பட்ட" கருவிகளில் ஓடுவதாக இருந்தது. முன்பு 140 கோடி என்று சொல்லியிருந்தார்களே என்று யாரோ கழித்துப் பார்க்க, 40 கோடிப் பேர் விண்டோஸை விட்டு ஓடிவிட்டார்கள் என்று செய்தி பரவியது. பிறகு அந்தப் பதிவிலேயே 140 கோடி என்று திருத்தினார்கள். "100 கோடிக்கு மேல்" என்பதில் 140 கோடியும் அடக்கம். கழித்தல் சரியாகத்தான் போட்டார்கள். கழித்த எண்தான் எண்ணே இல்லை.

நம்மூர் உதாரணம் ஒன்றும் உண்டு. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸும் இருந்தது, லினக்ஸ் வகையைச் சேர்ந்த இந்திய இயங்குதளமான பாஸ் லினக்ஸும் இருந்தது. கொடுத்த கணக்கில் லினக்ஸ் ஒன்று, விண்டோஸ் ஒன்று. மாணவர்கள் எதைத் திறந்தார்கள் என்பது தனிக் கணக்கு. எனக்குத் தெரிந்த வீடுகளில் பாஸ் லினக்ஸ் வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு தூங்கியது.

படி 3: நூறு என்பது எதன் நூறு?

கணினிகளில் விண்டோஸ் 70 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, போன்களில் ஆண்ட்ராய்டு 72. கூட்டினால் 142. யாரும் கூட்டமாட்டார்கள்தான்; ஆனால் ஒப்பிடும்போது கூட்டியது போலவே பேசுவார்கள். "இரண்டும் ஏறக்குறையச் சமம்" என்பார்கள். சமமே இல்லை.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க ஒரு பெருக்கல் போதும். ஒரு நாட்டில் 100 பக்கப் பார்வைகளில் 80 போனிலிருந்தும் 20 கணினியிலிருந்தும் வருகின்றன என்று கொள்வோம். போனில் ஆண்ட்ராய்டு 95 சதவீதம் என்றால், மொத்தத்தில் 76. கணினியில் விண்டோஸ் 70 சதவீதம் என்றால், மொத்தத்தில் 14. போனில் 4 சதவீதமாக இருக்கும் ஐஓஎஸ் மொத்தத்தில் 3-க்குச் சற்று மேல். இப்போதுதான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

உலக அளவில் இந்தத் தராசு சாய்ந்த தேதிகள் தெரிந்தவைதான். ஸ்டேட்கவுண்டர் கணக்குப்படி, போனும் டேப்லெட்டும் சேர்ந்து கணினியை முதன்முறை முந்தியது 2016 அக்டோபரில்: 51.3-க்கு 48.7. அடுத்து 2017 மார்ச்சில் எல்லாக் கருவிகளையும் சேர்த்துப் பார்த்தபோது ஆண்ட்ராய்டு 37.93, விண்டோஸ் 37.91. வித்தியாசம் 0.02. "முந்தியது" என்று தலைப்புப் போட்டார்கள். என்னைக் கேட்டால் அன்றைக்கு அது சமநிலை; அடுத்தடுத்த மாதங்கள்தான் செய்தி.

இதே படியில் பெயர்களையும் முடிவு செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கர்னல், அதாவது லினக்ஸின் உட்கரு. குரோம் ஓஎஸ்ஸிலும் அதுவே. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் அனைத்திலும் ஓடுவது லினக்ஸ். ஆகவே "லினக்ஸ் 4 சதவீதம்" என்றால் மேசைக்கணினி, மடிக்கணினிகளில் உள்ள லினக்ஸ் என்று அர்த்தம். இதை எழுதாமல் விட்டால் கருத்துப் பகுதியில் ஒருவர் நிச்சயம் வந்து பாடம் எடுப்பார்.

படி 4: ஸ்டேட்கவுண்டரில் உட்கார்ந்து எடுங்கள்

இலவசம், நாடுவாரியாகக் கிடைக்கும், பல ஆண்டுத் தரவு உண்டு. அயர்லாந்து நிறுவனம். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட இணையதளங்களில் அதன் எண்ணும் நிரல் பதிந்திருக்கிறது. அவற்றின் வழியாக மாதம் 500 கோடிக்கு மேல் பக்கப் பார்வைகளை எண்ணுகிறது.

அதன் குளோபல் ஸ்டாட்ஸ் பக்கத்தைத் திறந்ததும் ஒரு கோட்டு வரைபடம் வரும். அதை அப்படியே படம் பிடித்துப் போடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. அதற்குக் கீழே வரைபடத்தைத் திருத்த ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள். நான்கு விஷயங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: எந்த அளவீடு (இயங்குதளம்), எந்தக் கருவி (கணினி மட்டுமா, போன் மட்டுமா, எல்லாமா), எந்த நாடு, எந்தக் காலம். காலத்தைக் குறைந்தது மூன்று ஆண்டாக வையுங்கள். பன்னிரண்டு மாதத்தில் மேடாகத் தெரிவது மூன்று ஆண்டில் பார்த்தால் பல சமயம் வெறும் சின்ன மடிப்பு. அப்புறம் சிஎஸ்வி கோப்பை இறக்கி எக்செல்லில் திறந்துகொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வெளியிட்ட 45 நாள்களுக்குள் எண்களைத் திருத்தலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே போன மாத எண்ணை இறுதி என்று எழுதாதீர்கள். இரண்டு, அவர்கள் எண்ணுவது பக்கங்களை, ஆள்களை அல்ல. அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியில் 200 பக்கம் திறப்பவர், போனில் ஐந்து பக்கம் பார்க்கும் பாட்டியைவிட நாற்பது மடங்கு கனம். அந்தப் பாட்டி ஆறு மணி நேரம் யூடியூப் செயலியிலும் வாட்ஸப்பிலும் இருந்தாலும் அது இந்தக் கணக்கில் ஏறாது. இது இணையதளங்களை மட்டும் பார்க்கும் கணக்கு.

படி 5: முகமூடிகளைக் கழற்றுங்கள்

பிரவுசர் ஒரு தளத்தைத் திறக்கும்போது, தான் யார் என்று ஒரு வரி அனுப்பும். அதற்குப் பெயர் யூசர் ஏஜென்ட். அதைப் படித்துத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த வரி உண்மை பேசுவதைப் பெருமளவு நிறுத்திவிட்டது.

விண்டோஸ் 11-இல் இருந்து வந்தாலும் அந்த வரியில் "விண்டோஸ் என்டி 10.0" என்றுதான் இருக்கும். குரோம், எட்ஜ் பிரவுசர்களிடம் கிளையன்ட் ஹின்ட்ஸ் என்ற தனி வழியில் பதிப்பு எண்ணைக் கேட்டு, 13 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் அது விண்டோஸ் 11 என்று பிரிக்க முடியும். ஃபயர்ஃபாக்ஸ் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாது.

2019-இல் வந்த ஐபேட் ஓஎஸ் 13-இலிருந்து, ஐபேடின் சஃபாரி தன்னை ஒரு மேக் கணினி என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. மேக் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மேக்கும் எந்தப் பதிப்பில் இருந்தாலும் 10.15 என்று பழைய எண்ணையே சொல்லும். 2023-இலிருந்து ஆண்ட்ராய்டு குரோமும் எந்தப் போனாக இருந்தாலும் "ஆண்ட்ராய்டு 10, கே" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. அந்தரங்கத்துக்கு நல்லது, எண்ணுகிறவர்களுக்குத் தலைவலி.

எனக்குப் பிடித்த முகமூடி இதுதான். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் குரோமைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் "டெஸ்க்டாப் தளம்" என்பதை டிக் செய்யுங்கள். அந்தக் கணத்திலிருந்து உங்கள் போன் வெளியே சொல்லும் பெயர் "எக்ஸ்11, லினக்ஸ்". அதாவது, கையில் இருக்கும் பத்தாயிரம் ரூபாய் போன், லினக்ஸ் போட்ட மேசைக்கணினி ஆகிவிட்டது. அரசுத் தளங்களிலும் தேர்வு முடிவுத் தளங்களிலும் போனில் பொத்தான் தெரியாமல் இப்படி மாற்றிப் பார்ப்பது நமக்குப் பழகிப்போன வேலை.

2023, 2024-இல் ஸ்டேட்கவுண்டர் இந்தியாவின் கணினிகளில் லினக்ஸை 15 சதவீதத்தை ஒட்டிக் காட்டியது. உலகச் சராசரி 2024 பிப்ரவரியில்தான் 4-ஐத் தொட்டது. இந்தியாவில் லினக்ஸுக்கு உண்மையான வேர் இருக்கிறது; கேரளப் பள்ளிகள் கற்றுத்தருவதே லினக்ஸில்தான். ஆனாலும் 15 என்ற எண்ணை நான் கொண்டாட மாட்டேன். அதில் எத்தனை கணினி, எத்தனை வேடம் போட்ட போன் என்பதை அந்த வரியை மட்டும் வைத்துப் பிரிக்க வழியில்லை.

படி 6: திடீர்த் தாவலை நம்பாதீர்கள்

மக்கள் ஒரே மாதத்தில் கணினியை மாற்றுவதில்லை. அரிசி விலை ஒரு நாளில் ஏறலாம், இயங்குதளப் பங்கு ஏறாது. ஒரே மாதத்தில் ஐந்து புள்ளி தாவினால், முதலில் அளவுகோலைச் சந்தேகப்படுங்கள்.

2025 செப்டம்பரில் விண்டோஸ் 7, விண்டோஸ் பதிப்புகளுக்குள் 9 சதவீதத்தைத் தாண்டியதாக ஸ்டேட்கவுண்டர் காட்டியது. 2020 ஜனவரி 14-இலேயே ஆதரவு நின்றுபோன இயங்குதளம் அது. விண்டோஸ் 10-இன் ஆதரவு அக்டோபர் 14-இல் முடிய இருந்ததால், மக்கள் கோபத்தில் பழையதற்குத் திரும்புகிறார்கள் என்று சிலர் கதை கட்டினார்கள். அழகான கதை. யாராவது உங்கள் தெருவில் விண்டோஸ் 7 நிறுவியதைப் பார்த்தீர்களா?

ஸ்டீம் விளையாட்டுத் தளம் மாதாமாதம் எடுக்கும் கணிப்பிலும் இது உண்டு. 2025 பிப்ரவரியில் சீன மொழிப் பயனர்களின் பங்கு ஒரே மாதத்தில் சுமார் 20 புள்ளி எகிறிப் பாதியைத் தொட்டது. அதே மாதம் லினக்ஸ் இறங்கியது. லினக்ஸ்காரர்கள் யாரும் எங்கும் போகவில்லை. மாதிரிக்குள் புதிதாக வந்த கூட்டம் வேறு. ஆகவே அந்தக் கணிப்பைப் பார்த்தால் மொழிப் பட்டியலையும் கூடவே பாருங்கள்.

"தெரியாதவை" என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். அது பருத்தால் மற்றவை எல்லாம் இளைக்கும்.

படி 7: இரண்டாவது சாட்சி

ஒரே தளத்தை மட்டும் நம்பாதீர்கள். கிளவுட்ஃபிளேர் ரேடார் தன் வலையமைப்பு வழியாகப் போகும் கோரிக்கைகளைக் காட்டுகிறது. அமெரிக்க அரசுத் தளங்களுக்கு வருகிறவர்களின் கருவி விவரம் பொதுவெளியில் இருக்கிறது. விக்கிமீடியாவும் வெளியிடுகிறது. எண்கள் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். ஏறுகிறதா இறங்குகிறதா என்ற திசை பொருந்தினால் போதும். பழைய கட்டுரைகளில் நெட்மார்க்கெட்ஷேர் என்று பார்த்தால், அது 2020 அக்டோபரோடு நின்றுவிட்டது. அது ஆள்களை எண்ணி, நாடுகளின் இணைய மக்கள்தொகைக்கு ஏற்ப எடை போட்டது. அதன் எண்ணையும் ஸ்டேட்கவுண்டர் எண்ணையும் ஒரே கோட்டில் ஒட்டவைக்காதீர்கள்.

சீனாவுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். அங்கே ஹுவாவேயின் ஹார்மனி ஓஎஸ் 2024-இன் முதல் காலாண்டு விற்பனையில் ஐஓஎஸ்ஸை முந்தியதாக கவுண்டர்பாயின்ட் சொன்னது, 17-க்கு 16. "உலகில் இரண்டே இரண்டு" என்று எழுதும் முன் இதை ஞாபகம் வையுங்கள். நம் நாட்டிலும் 2017-இல் வந்த ஜியோபோனால், அதில் ஓடிய காய் ஓஎஸ் கொஞ்ச காலம் மூன்றாவது ஆளாக நின்றது. 2018-இல் சில கணக்குகளில் ஐஓஎஸ்ஸையே தாண்டியது.

படி 8: உங்கள் கூட்டத்துக்கு ஏற்ப எடை போடுங்கள்

எனக்கு நான்கு மாதத்தை மிச்சம் பிடித்திருக்கக்கூடிய படி.

தமிழில் ஒரு செய்தித் தளம் நடத்துகிறீர்கள் என்று வைப்போம். போனில் படிப்பவர்களில் 70 சதவீதம் இந்தியாவில், 30 சதவீதம் அமெரிக்காவிலும் கனடாவிலும். இந்தியப் போன்களில் ஐஓஎஸ் சுமார் 4 சதவீதம்; வட அமெரிக்காவில் பாதிக்கு மேல், 57 என்று கொள்வோம். 70-இல் 4 சதவீதம் 2.8. 30-இல் 57 சதவீதம் 17.1. கூட்டினால் ஏறக்குறைய 20. உங்கள் வாசகர்களில் ஐந்தில் ஒருவர் ஐபோனில் இருக்கிறார். இந்தியக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் 4 என்று ஒதுக்கியிருப்பீர்கள். நாலையும் ஐம்பத்தேழையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தால் 30 என்று ஏமாந்திருப்பீர்கள்.

கையில் சொந்தத் தளம் இருந்தால் ஊகமே வேண்டாம், சர்வர் பதிவைப் பாருங்கள். முதலில் பாட்களை, அதாவது ஆள் இல்லாமல் தானாகத் தளங்களைத் திறக்கும் நிரல்களை, நீக்குங்கள். பிறகு உங்கள் சொந்த அலுவலகத்து வருகைகளை நீக்குங்கள். சின்னத் தளங்களில் நாமே முக்கால்வாசி வாசகர்கள் என்பது கசப்பான உண்மை. வார இறுதியில் கணினியின் பங்கு குறையும், ஆகவே முழு வாரங்களாக எடுங்கள். மேக் என்று வருகிறவற்றில் திரையின் தொடுபுள்ளிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அது ஐபேட்; இது சர்வர் பதிவில் வராது, பக்கத்தில் ஒரு சின்ன நிரல் வைத்துக் கேட்க வேண்டும்.

படி 9: எழுதும்போது

லினக்ஸ் 2-இலிருந்து 4 ஆனால், அது 2 சதவீதப் புள்ளி ஏற்றம்; 100 சதவீத வளர்ச்சியும்கூட. இரண்டில் எது என்று சொல்லாமல் "இரண்டு சதவீதம் வளர்ந்தது" என்றால் அது தப்பு. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வேண்டாம். இவ்வளவு முகமூடிகளுக்கு நடுவில் 71.68 என்று எழுதுவது வீட்டுத் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. 72 போதும்.

வரைபடத்தின் அடியில் நான் எழுதும் வரி இந்த அமைப்பில் இருக்கும்: "இந்தியா, போன்கள் மட்டும், பக்கப் பார்வைகளின் அடிப்படையில், ஸ்டேட்கவுண்டர், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை, எடுத்த தேதி இது." கொஞ்சம் நீளம்தான். வடிவமைப்பாளர் சுருக்கச் சொல்வார். எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லுங்கள், வரியை வெட்ட விடாதீர்கள்.